பகிரப்படலாம்

இரவு இரண்டு பதினேழு.
வியாழன் பிறந்து இரண்டு மணி நேரம் கடந்திருந்தது.
நெப்ராஸ்காவின் தலைநகரில் ஓர் அடித்தளம்,
ஜன்னல் இல்லாத அறை.
இருந்தாலும் வெளியே பனிதான்.
வில்மா ஹ்ருஷ்கா காதுக்கருவியைச் சரிசெய்கிறாள்.

மறுமுனையில் ஒரு பெண்.
அவளுக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம்.
பேச்சு மாடிக்குக் கேட்காதிருக்க ஓட்டியிருப்பாள்.
"என் பெயரைச் சொல்ல வேண்டுமா?"
"வேண்டாம்."
"அவன் பெயரை?"
"அதைச் சொல்லத்தான் வேண்டும்."

துணி நெடுநேரம் சுற்றியது.
பிறகு ஒரு பெயர். வயது பதினாறு.
ஒரு நோட்டு. அதில் பள்ளியின் வரைபடம்,
உணவுக்கூடத்துக் கதவுகளுக்கு மட்டும் சிவப்பு மை.
வியாழன் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.
துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி தொங்கும் இடத்தில்
கொக்கி மட்டும்.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது
வில்மாவின் விரல் ஓர் எழுத்தைத் தவறவிட்டது.
அந்த உணவுக்கூடத்தில் சூப் ஊற்றுகிறவள்
அவள் தங்கை ஆர்லிஸ்.

மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் சட்டம்,
உறைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன காப்பி வளையம்.
உட்பிரிவு இ.
தகவல், அதிகாரம் பெற்றோருடன் பகிரப்படலாம்.
பிறர்க்கு வெளியிடப்படலாகாது.
தெரிவித்தவரின் அடையாளம் காக்கப்படும்.
மீறல் தண்டிக்கப்படும்.
படும், படும், படலாகாது.
பகிர்வது யார், காப்பது யார்,
ஒரு வரியிலும் எழுவாய் இல்லை.
படுகிறவள் மட்டும்
சக்கர நாற்காலியை முன்னே இழுத்து உட்கார்ந்தாள்.

கவுண்டி ஷெரிஃப்.
மாநிலக் காவல்.
பள்ளிக் கண்காணிப்பாளர்.
மனநல மருத்துவர் ஒருவர், தூக்கத்திலிருந்து.
நான்கு பெயருக்கும் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது.
ஐந்தாவதாக ஒருத்தியைச் சேர்க்க
படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்தரைக்கு ஆர்லிஸே கூப்பிட்டாள், வழக்கம்போல.
"கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்,
சாலையில் பனி வாரிவிட்டார்களோ என்னவோ."
வில்மாவின் வயிற்றில் புளி கரைந்தது.
"வழுக்கும்," என்றாள். "மெதுவாகப் போ."
"மெதுவாகவா?"
"ரொம்ப மெதுவாக. இன்றைக்குத் தாமதமானால் என்ன?"

இது வெளியீடா?
சாலை வழுக்கும் என்பது எந்த உட்பிரிவில் வரும்?
இன்றுவரை அவள் யாரையும் கேட்டதில்லை.
கேட்பதென்றால் முதலில் சொல்ல வேண்டும்.

ஆறு மணிக்கு இரண்டு வண்டிகள்
சுழல்விளக்குப் போடாமல் ஒரு வீட்டு முன் நின்றன.
ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுகூட இல்லை.
மாலையில் ஆர்லிஸ் சொன்னாள்:
"கதவுத் தாழ்களை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்,
ஏதோ தீத்தடுப்புச் சோதனையாம்.
நான் வேறு லேட்டு. சூப்பு பாதி மிஞ்சிவிட்டது."
"எந்த சூப்பு?"
"தக்காளி. உனக்கென்ன திடீரென்று சூப்பில் அக்கறை?"

அடுத்த ஆண்டு ஜூலை.
ஆர்லிஸின் பிறந்தநாளுக்குப் போனவள்
அவ்வூர் மளிகைக் கடையில் வரிசையில் நின்றாள்.
பையில் சாமான் அடுக்குகிற பையன்
கவனமானவன்; பாலை அடியில் வைத்தான்.
சட்டையில் குத்தியிருந்த பெயரை
அவள் ஒருமுறை தட்டச்சு செய்திருக்கிறாள்.

வாசலிலிருந்து ஒரு குரல்,
"சாவி உன்னிடமா, என்னிடமா?"
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.
துவைக்கும் இயந்திரம் இல்லாமல்
அது கொஞ்சம் சின்னக் குரல்.
"உன்னிடம்தான் அம்மா, எப்போதும் உன்னிடம்தானே,"
என்றான் பையன், சிரிக்காமல்.
அழைத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது.
கேட்டது யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியாது,
வில்மா வாயைத் திறக்காத வரை.

"முட்டையைத் தனியாக வைக்கட்டுமா?"
தலையை அசைத்தாள்.
"ரசீது?"
கையைக் காட்டினாள்.
நன்றி என்ற சொல் பல்லுக்குப் பின்னால்
இருந்த இடத்திலேயே இருந்தது.

காரில் ஆர்லிஸ் கேட்டாள்,
"ஏன் ஊமை மாதிரி நின்றாய், தொண்டை கட்டிக்கொண்டதா?"
ஆமாம் என்று சைகை காட்டினாள்.
"வீட்டில் தேன் இருக்கிறது," என்றாள் தங்கை,
வேகத்தைக் கூட்டி.
சாலை காய்ந்து கிடந்தது.
இரு பக்கமும் சோளம், ஆளுயரத்துக்கு.